மூளைக் கட்டிக்குச் சத்திரசிகிச்சை முடிந்த பின்: எந்தக் கதிர்ச்சிகிச்சை, யாருக்கு?

(நூற்றாண்டு விழாவையொட்டி எமது பழைய மாணவிகள் சங்கம் கல்லூரி மண்டபத்தில் நடத்திய மருத்துவக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு மகிழ்ச்சியான விடயங்கள் எத்தனையோ இருக்கும்போது மூளைக் கட்டியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டார். காரணம் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள். நான் புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை அளிக்கும் வைத்தியர் என்பது சங்கத்தில் பலருக்குத் தெரியும். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மெல்பேணிலிருந்தும், இங்கே நேரம் என்ன என்று பார்க்காமல், அழைப்பு வரும். "தங்கச்சி, எங்கடை பள்ளிக்கூடப் பிள்ளை எண்டபடியால் கேக்கிறன். அம்மாவுக்குத் தலைக்குள்ளை இருந்த கட்டியை எடுத்துப்போட்டினம். இனிக் கறண்ட் பிடிக்க வேணுமாம். எங்கை கொண்டு போனால் நல்லது? காசைப் பற்றி யோசிக்காதேங்கோ."

அன்பினால் வரும் கேள்விதான் அது. ஆனால் "எங்கே" என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. எடுத்த கட்டியின் பெயர் என்ன? அம்மாவுக்கு எத்தனை வயது, இப்போது எப்படி இருக்கிறார்? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் இயந்திரத்தையும் ஊரையும் தேடினால் காசும் காலமும் போகும். மூளைக் கட்டியைப் பொறுத்தவரை காலம் போவதுதான் பெரிய நட்டம்.

முதலில், "முழுவதும் எடுத்துவிட்டோம்" என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்ன பின்னும் கதிர் எதற்கு என்று பார்ப்போம். மார்பகத்திலோ குடலிலோ ஒரு கட்டியை எடுக்கும்போது, அதைச் சுற்றியுள்ள நல்ல தசையையும் ஓரளவு சேர்த்து வெட்டி எடுக்கலாம். மூளையில் அது முடியாது. ஒரு பக்கம் பேச்சு, மறுபக்கம் வலது கை, சற்றுக் கீழே பார்வை என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. எங்கள் தோட்டங்களில் கோரைப் புல்லைப் பிடுங்கியவர்களுக்குத் தெரியும், மேலே தெரிவது முழுவதையும் பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். கிளையோமா என்ற வகைக் கட்டிகள் அப்படிப்பட்டவை. எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியாத கலங்கள் சுற்றியுள்ள மூளைக்குள் பரவியிருக்கும். அவற்றைக் கத்தியால் தொட முடியாது. கதிரால் தொடலாம்.

இது ஊகம் அன்று. கிளையோமாக்களில் கொடியவற்றுக்குச் சத்திரசிகிச்சையின் பின் கதிர் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வொன்று 1978இல் வெளிவந்தது. கதிர் பெறாதவர்களின் இடைநிலை ஆயுள் 14 வாரம். பெற்றவர்களுக்கு 35 வாரம். அன்றிலிருந்து கதிர்ச்சிகிச்சை இந்த நோயின் நிலையான சிகிச்சையாக இருக்கிறது.

ஊரில் "கறண்ட் பிடிக்கிறது" என்று சொன்னாலும் மின்சாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் பயன்படுவது மிகுந்த சக்தி கொண்ட எக்ஸ் கதிர். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு ஆர்முடுகல் என்ற சொல் நினைவிருக்கும். இலத்திரன்களை ஆர்முடுக்கி, உலோகத்தில் மோதவிட்டு, அந்தக் கதிரை உண்டாக்குவதால்தான் இந்த இயந்திரத்துக்கு நேர்கோட்டு ஆர்முடுக்கி என்று பெயர். கதிர் கலத்தின் டீ.என்.ஏ. இழையை அறுக்கிறது. நல்ல கலங்கள் அந்தக் காயத்தை அடுத்த நாளைக்குள் பெருமளவு சரிசெய்துகொள்ளும். கட்டியின் கலங்களுக்கு அந்தத் திறன் குறைவு. அதனால்தான் மொத்த அளவைச் சிறு சிறு பங்காகப் பிரித்து, வாரத்தில் ஐந்து நாள் கொடுக்கிறோம். அளவைச் சொல்லும் அலகு கிறே. ஒரு நாளுக்கு 1.8 அல்லது 2 கிறே என்பது வழமையான பங்கு.

இனிக் கட்டியின் பெயருக்கு வருவோம். சத்திரசிகிச்சையில் எடுத்த தசைத்துண்டு பரிசோதனைக்குப் போய், சில வாரங்களில் ஒரு அறிக்கை வரும். நோயாளியின் கோப்பில் அதைவிடப் பெறுமதியான தாள் வேறில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்படுத்தலின்படி, நுணுக்குக்காட்டியில் தெரிவது மட்டும் போதாது, ஐ.டி.எச். போன்ற மரபணு மாற்றங்களையும் பார்த்துத்தான் பல கட்டிகளுக்குப் பெயர் வைக்கப்படுகிறது. அந்தப் பெயருக்கு ஏற்பச் சிகிச்சை எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

வளர்ந்தவர்களின் மூளையில் தோன்றும் புற்றுக்களில் அதிகம் காணப்படுவதும் மிகக் கடுமையானதும் கிளையோபிளாஸ்ரோமா. நடுவயதில், ஓரளவு நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு 30 நாளில் 60 கிறே, அதாவது 6 வாரம். கூடவே ரெமோசோலோமைட் என்ற மாத்திரை. 2005இல் வெளிவந்த ஐரோப்பிய, கனேடிய ஆய்வு இந்த முறையை உறுதிப்படுத்தியது. கதிர் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், மாத்திரையும் சேர்ந்தபோது 14.6 மாதம். இரண்டு ஆண்டு கடந்தும் வாழ்ந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேரிலிருந்து இருபத்தாறு பேராகக் கூடினார்கள். இந்த எண்களை நான் மறைப்பதில்லை. கேட்கும் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். கேட்க விரும்பாதவர்மீது திணிக்கவும் கூடாது.

அதே கட்டி 70 வயதைத் தாண்டிய ஒருவருக்கு வந்தால் கணக்கு வேறு. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 30 நாளில் 60 கிறே கொடுத்தாலும் 15 நாளில் 40 கிறே கொடுத்தாலும் ஆயுளில் வேறுபாடு இல்லை என்று 2004இல் கனடாவில் காட்டினார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த 3 வாரக் கதிரோடு மாத்திரையைச் சேர்ப்பது பயன் தருகிறது என்பது 2017இல் வெளிவந்தது. மிகவும் தளர்ந்தவர்களுக்கு 5 நாளில் 25 கிறே கொடுக்கும் முறையும் உண்டு. எம்.ஜி.எம்.ரி. என்ற பரிசோதனையின் முடிவு சாதகமாக இருந்தால், வயதானவர்களுக்கு மாத்திரையை மட்டும் கொடுப்பதும் ஒரு வழி. ஆறு மாதமோ ஏழு மாதமோ மீதியிருக்கும் ஒருவரிடமிருந்து ஆறு வாரத்தை எடுத்துக்கொள்வதா, மூன்று வாரத்தையா, ஒரு வாரத்தையா? இது அவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு.

மெதுவாக வளரும் கிளையோமாக்களும் உண்டு. வலிப்பு வந்து, படம் எடுத்தபோது கண்டுபிடிக்கப்படும். முப்பது, நாற்பது வயதுக்காரருக்கு அதிகம் வரும். இங்கே கேள்வி எவ்வளவு கதிர் என்பதைவிட எப்போது கதிர் என்பதுதான். உடனே கொடுத்தவர்களையும் கட்டி மீண்டும் வளரும்வரை காத்திருந்தவர்களையும் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு 2005இல் முடிவு சொன்னது. உடனே கொடுத்தால் கட்டி மீண்டும் வளரும் காலம் 3.4 ஆண்டிலிருந்து 5.3 ஆண்டாகத் தள்ளிப்போனது, வலிப்பும் குறைந்தது. ஆனால் மொத்த ஆயுள் 7.4, 7.2 ஆண்டுகள், கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே கட்டி பெரும்பாலும் எடுக்கப்பட்ட இளவயதினருக்கு, மூளையைக் கதிரிலிருந்து சில ஆண்டுகள் காப்பாற்றி வைத்து, ஒழுங்காகப் படம் எடுத்துக் கண்காணிப்பதும் சிகிச்சைதான். கட்டியில் மீதி இருந்தாலோ, வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலோ கதிர் தேவைப்படலாம். அப்படிப்பட்டவர்களுக்குக் கதிரின் பின் மருந்தும் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 7.8 ஆண்டிலிருந்து 13.3 ஆண்டாகக் கூடியதை 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் கண்டோம்.

மெனிஞ்சியோமா மூளையின் உறையிலிருந்து வளர்வது. பெண்களுக்கே அதிகம் வருவது. பெரும்பாலானவை முதலாம் தரம், புற்றுநோய் அல்லாதவை. முழுவதும் எடுக்கப்பட்ட முதலாம் தரக் கட்டிக்குக் கதிர் தேவையில்லை. மூன்றாம் தரத்துக்குக் கட்டாயம் தேவை. இரண்டாம் தரத்துக்கு, எவ்வளவு மீதியிருக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுப்போம். நாற்பது வயதுகூட ஆகாத ஒரு தாய்க்கு முதலாம் தரக் கட்டி முழுவதும் எடுக்கப்பட்டது. (நோயாளர் யாரும் அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றித்தான் இங்கே சொல்கிறேன்.) வெளிநாட்டிலிருந்த அண்ணா "பாதுகாப்புக்காக" கதிர் கொடுக்கச் சொல்லி மூன்று முறை அழைத்தார். கதிர் தடுப்பூசி அன்று. தேவையில்லாத இடத்தில் கொடுத்தால் பல ஆண்டுகளின் பின் கபச்சுரப்பியையும் ஞாபகத்தையும் பாதிக்கலாம் என்று அவருக்கு விளக்கினேன். தங்கைக்கு ஆண்டுக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுத்தான் கிளினிக்குக்கு வருகிறார்.

அடுத்தது, மார்பகத்திலோ நுரையீரலிலோ தொடங்கி மூளைக்குப் பரவிய கட்டி. முன்பு அதை எடுத்த பின் மூளை முழுவதற்கும் கதிர் கொடுப்பது வழக்கம். இப்போது, ஓரிரு கட்டிகள் மட்டுமே இருந்தால், கட்டி இருந்த குழிக்கு மட்டும் குறிவைத்து, ஒரே நாளிலோ சில நாட்களிலோ கூடிய அளவு கதிர் கொடுக்கிறோம். 2017இல் வெளிவந்த ஆய்வில் இரண்டு முறைக்கும் ஆயுள் ஏறத்தாழ ஒரு வருடம்தான். ஆறு மாதத்தில் சிந்தனைத் திறன் குறைந்தவர்கள், குழிக்கு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 52 பேர்; மூளை முழுவதற்கும் பெற்றவர்களில் 85 பேர். பல கட்டிகள் இருந்தால் மூளை முழுவதற்கும் கொடுக்க வேண்டி வரலாம். அப்போதும் ஞாபகத்துக்குரிய ஹிப்போகம்பஸ் பகுதியை விலக்கிக் கொடுக்கும் முறை இருக்கிறது.

சிறுபிள்ளைகளின் கணக்கு தனி. மெடலோபிளாஸ்ரோமா என்ற கட்டி முள்ளந்தண்டு வழியே பரவக்கூடியது; ஆகவே மூளைக்கும் முள்ளந்தண்டு முழுவதற்கும் கதிர் வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இயன்றவரை கதிரைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ பார்ப்போம். வளரும் மூளைக்கு அது செய்யும் தீங்கு பெரிது.

இப்போதுதான் உங்களுக்குப் பிடித்த கேள்விக்கு வருகிறேன்: எந்த மெசின்?

காமா நைஃப் என்பதன் பெயரில்தான் கத்தி. சுவீடன் நாட்டு நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் லார்ஸ் லெக்செல் 1951இல் முன்வைத்த எண்ணம், 1960களின் பிற்பகுதியில் இயந்திரமானது. ஏறத்தாழ 200 கோபாற்று மூலங்களிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும். சிறிய, எல்லை தெளிவான கட்டிக்கு அது மிக நல்லது. கோரைக் கிழங்கு போலப் பரவிய கிளையோபிளாஸ்ரோமாவுக்குச் சத்திரசிகிச்சையின் பின் கொடுக்கும் ஆறு வாரச் சிகிச்சையின் இடத்தை அது பிடிக்காது.

புரோத்தன் கதிரை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் எழுதியவர் றொபேட் வில்சன் என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர். எக்ஸ் கதிர் உடலை ஊடுருவி மறுபக்கம் வெளியேறும். புரோத்தன் குறித்த ஆழத்தில் நின்றுவிடும். முள்ளந்தண்டுக்குக் கதிர் பெறும் பிள்ளைக்கு இதயமும் குடலும் தப்பும் என்பதால் அது பெரிய நன்மை. 2019 முதல் சென்னையிலும் இந்தச் சிகிச்சை இருக்கிறது. ஆனால் வளர்ந்தவரின் கிளையோபிளாஸ்ரோமாவில் அது ஆயுளைக் கூட்டியதற்கு ஆதாரம் இல்லை. விலை கூடிய கதிர் எல்லோருக்கும் கூடிய கதிர் என்று நினைத்துக் காணியை ஈடு வைக்க வேண்டாம்.

எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலைகளில் கதிர்ச்சிகிச்சை இலவசம். மகரகமவுக்கு மட்டுமே போக வேண்டியிருந்த காலத்தை இங்கே பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தின் உதவியோடு எழுந்து, 2013இல் திறக்கப்பட்டது தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. எந்த இயந்திரம் எங்கே இயங்குகிறது, காத்திருப்பு எவ்வளவு என்பதைக் கிளினிக்கிலேயே நேரடியாகக் கேளுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் நான்கு தொடக்கம் ஆறு வாரத்துக்குள் தொடங்குவதே வழமை. விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் அலைந்து அந்தக் காலத்தைத் தவறவிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

சிகிச்சை நாட்கள் எப்படிப் போகும்? முதலில் முகத்துக்கு ஏற்ற வலை போன்ற பிளாஸ்ரிக் முகமூடி செய்வார்கள். தலை அசையாமல் இருக்க அது வேண்டும். பிறகு சி.ரி., எம்.ஆர்.ஐ. படங்களை வைத்துத் திட்டமிடுவோம். ஒவ்வொரு நாளும் மேசையில் கிடப்பது சில நிமிடங்கள், வலி இல்லை. வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கலாம். உடம்பில் கதிர் எதுவும் தங்காது. இரண்டு மூன்று வாரத்தில் கதிர் படும் இடத்தில் முடி கொட்டும். களைப்பு கூடிக்கொண்டே போய், சிகிச்சை முடிந்த பின்னும் சில வாரங்கள் நிற்கும். வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்சாமெதசோன் மாத்திரையைத் திடீரென நிறுத்த வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் சீனியை அடிக்கடி பார்க்க வேண்டும். வலிப்பு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிட வேண்டாம்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆறு வாரச் சிகிச்சை அதைவிட 5 நாள் கூடியது. இடையில் கலியாணம், திவசம், கொடியேற்றம் என்று நாட்களை விட்டால் கட்டியின் கலங்களுக்குத்தான் ஓய்வு கிடைக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கதிரும் மாத்திரையும் முடிந்து முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் எம்.ஆர்.ஐ. சிலவேளை கட்டி வளர்ந்தது போலவே காட்டும். சிகிச்சையின் தாக்கமே அப்படித் தோன்றக்கூடும். ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் பல நாடுகளுக்கு அனுப்பி, "சிகிச்சை சரிவரவில்லை" என்று முடிவெடுத்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த படம் வரும்வரை உங்கள் வைத்தியரோடு பொறுத்திருங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கட்டியின் முழுப் பெயரும் தரமும் என்ன? எவ்வளவு மீதியிருக்கிறது? கதிரின் நோக்கம் குணப்படுத்துவதா, காலத்தை நீட்டுவதா, தலையிடியையும் வலிப்பையும் குறைப்பதா? இதைவிடக் குறுகிய முறை எங்களுக்குப் பொருந்துமா? இப்போது கொடுக்காமல் கண்காணித்தால் என்ன நடக்கும்? பயொப்சி அறிக்கை, சத்திரசிகிச்சைக் குறிப்பு, படங்களின் இறுவட்டு, முடிவில் கொடுக்கப்பட்ட கதிரின் அளவு ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள். பல ஆண்டு கழித்து மீண்டும் கதிர் கொடுக்க முடியுமா என்பதை அந்தக் கடைசித் தாள்தான் சொல்லும்.

ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை, 72 வயது, கிளையோபிளாஸ்ரோமா. பிள்ளைகள் மூவரும் மூன்று நாட்டில். ஒருவர் இந்தியா என்றார், ஒருவர் சிங்கப்பூர் என்றார். கடைசி மகள் மட்டும், "அம்மாவைக் கேட்டீங்களோ, டொக்டர்?" என்றார். கேட்டோம். "நாளாந்தம் வீட்டை வந்து படுக்கக்கூடிய இடமாப் பாருங்கோ" என்றார். 15 நாள் சிகிச்சை, நாட்டுக்குள்ளேயே. பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் வானுக்கும், கூட நின்ற பெண்ணுக்கும் கொடுத்தார்கள். மூவரும் முறை வைத்து வந்து நின்றார்கள். ஏழு மாதம் இருந்தார். அதில் ஐந்து மாதம் தன் கிணற்றடியில் தானே பூக்கொய்தார்.

அக்காமாரே, தங்கைமாரே, எங்கள் சங்கத்துக்கு இன்று பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன. நோயாளியின் போக்குவரத்துக்கு, கூட நிற்பவரின் தங்குமிடத்துக்கு, ஒரு மாதச் சம்பளமில்லா விடுமுறைக்கு உதவுங்கள். இயந்திரத்தின் பெயரை அனுப்புவதற்கு முன் அறிக்கையில் உள்ள பெயரைக் கேளுங்கள். அதற்கும் முன், படுத்திருப்பவர் என்ன விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். என்னை அழைப்பவர்கள் தொடர்ந்து அழையுங்கள். இனி நான் கேட்கப்போகும் முதல் கேள்வி என்னவென்று உங்களுக்குத் தெரியும். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.